அவிழாத பின்னல் காப்பு: நூலும் மணியும் வைத்து வீட்டிலேயே செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

நான் முதன்முதலில் செய்த மணிக்காப்பு ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. அக்காவின் மகளுக்குக் கட்டிவிட்டு, ஆடிவேல் திருவிழா பார்க்க வெள்ளவத்தையில் 101 பஸ் ஏறினோம். பம்பலப்பிட்டி வருவதற்குள் "சித்தி, அறுந்திட்டுது" என்றாள். பஸ் முழுக்கச் சிவப்பு மணி உருண்டது. கண்டக்டர் தம்பி குனிந்து மூன்றைப் பொறுக்கித் தந்தார். மிச்சம் சீட்டுகளுக்குக் கீழே போயே போய்விட்டது. கையில் எஞ்சிய தங்கூசியை (மீன்பிடிக்கும் நைலோன் நூல்) பார்த்தால் அது அறுந்திருக்கவில்லை. முடிச்சுத்தான் வழுக்கி அவிழ்ந்திருந்தது.

பின்னத் தெரியாத ஆட்கள் நம்மிடையே குறைவு. தங்கச்சிக்குச் சடை பின்னியிருந்தால் பாதி வேலை ஏற்கெனவே கைக்கு வரும். மணி கோர்ப்பதும் பெரிய வித்தை இல்லை. கஷ்டமெல்லாம் நூலின் இரண்டு முனையில்தான் இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியில் பின்னலைவிட முனையைப் பற்றி அதிகமாகச் சொல்லப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாமான் வாங்குதல்

நகை என்றதும் செட்டியார் தெருவுக்குப் போய்விடாதீர்கள், அது தங்கத்துக்கு. நமக்கு வேண்டியது புறக்கோட்டையில் மெயின் வீதி, கெய்சர் வீதி, சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல் இருக்கும் இரண்டாம் குறுக்குத் தெரு ஆகியவற்றைச் சுற்றியுள்ள ஃபேன்சிக் கடைகளும் தையல் சாமான் கடைகளும். காலையிலேயே போனால் நின்று பார்த்து வாங்கலாம். வெள்ளிக்கிழமை நடுப்பகலில் ஜும்மாவுக்காகப் பல கடைகள் மூடியிருக்கும். ஞாயிறும் போயாவும் வீண் அலைச்சல். அவசரத்துக்கு ஒரு நூல் கட்டை மட்டும் போதுமென்றால் வெள்ளவத்தையில் காலி வீதித் தையல் கடைகளே போதும்.

மணியில் முதலில் விளங்கவேண்டியது இலக்கம். பொடி மணிப் பைகளில் 11/0, 8/0, 6/0 என்று போட்டிருக்கும். இலக்கம் கூடக் கூட மணி சிறிதாகும். 11/0 ஏறத்தாழ 2 மில்லிமீற்றர், 8/0 சுமார் 3, 6/0 சுமார் 4. தொடங்குகிறவர்கள் 6/0 வாங்குங்கள். 11/0 பார்க்க ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் அதன் துளைக்குள் மெல்லிய ஊசியும் தையல் நூலும்தான் போகும். பின்னல் நூல் போகாது. மணி வாங்கப் போகும்போது நூலில் ஒரு துண்டைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே கோர்த்துப் பாருங்கள். நிறம் பார்த்து வாங்கி வந்த எத்தனையோ மணி என் பிஸ்கட் டின்னில் துளை போதாமல் கிடக்கிறது.

அடுத்தது சாயம். "நானா, இது கலர் போகுமா?" என்று கேட்டால் "போகாது தங்கச்சி, நல்ல சாமான்" என்ற பதில்தான் எல்லாக் கடையிலும் வரும். அவரையும் குறை சொல்ல முடியாது. பை பையாக வருவதை அவர் என்ன செய்வார்? ஒரு ஈரமான டிஷ்யூவுக்குள் ஒன்றிரண்டு மணியை வைத்து அழுத்தித் தேயுங்கள். டிஷ்யூவில் நிறம் ஏறினால் அது கொழும்பு வியர்வைக்கு ஒரு கிழமைகூடத் தாங்காது. பிடித்த மணி கிடைத்தால் தேவைக்கு மேல் ஒரு பை கூடுதலாக வாங்கிவிடுங்கள். அடுத்த முறை அதே நிறம் என்று வருவது கொஞ்சம் வேறாகத்தான் இருக்கும்.

கண்ணாடி மணி இந்த நாட்டுக்குப் புதிய சரக்கு இல்லை. மன்னாருக்குப் பக்கத்தில் மாந்தையில் பழைய துறைமுகம் இருந்த இடத்தைத் தோண்டியபோது, அங்கேயே கண்ணாடி மணி செய்ததற்கான தடயங்கள் கிடைத்தன. உருகிய கண்ணாடியை உள்ளே துளையோடு நீளக் குழாயாக இழுத்து, பொடிப் பொடியாக நறுக்கி, வெட்டிய கூர்மை போகச் சூட்டில் உருட்டி எடுப்பார்கள். இன்று செக் நாட்டிலும் ஜப்பானிலும் இயந்திரத்தில் செய்யும் பொடி மணிக்கும் அடிப்படை அதுதான்.

விதை மணி பிடிக்கும் என்றால் ஒரு எச்சரிக்கை. குன்றிமணி அழகுதான், ஆனால் உள்ளே கொடிய நஞ்சு. முழு விதையாகக் கிடக்கும்வரை அதன் ஓடு காக்கும்; கோர்ப்பதற்குத் துளைத்தால் அந்தக் காவல் போய்விடும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் தொடவே வேண்டாம். முழுச் சிவப்பாக இருக்கும் மஞ்சாடி விதை எவ்வளவோ மேல்.

நூலில் மூன்று வகை வைத்திருந்தால் போதும்: எம்ப்ரொய்டரி நூல், 1 மில்லிமீற்றர் மெழுகுப் பருத்திக் கயிறு, அதே பருமனில் நைலோன் கயிறு. எம்ப்ரொய்டரி நூல் ஒரு கட்டில் வழக்கமாக 8 மீற்றர் இருக்கும், ஆறு இழை. பிரிக்காமல் அப்படியே பாவியுங்கள். கயிறு பருத்தியா நைலோனா என்று சந்தேகம் வந்தால் ஒரு சின்னத் துண்டைக் குறட்டால் பிடித்து நெருப்புக் காட்டுங்கள். உருகி உருண்டையானால் நைலோன் அல்லது பொலியெஸ்டர். கடதாசி எரியும் மணத்தோடு சாம்பலானால் பருத்தி. இது ஏன் முக்கியம் என்றால், நைலோன் முனையை லைட்டரால் உருக்கி அடைக்கலாம், பருத்தியை அப்படிச் செய்ய முடியாது.

மற்றதெல்லாம் வீட்டிலேயே இருக்கும்: கத்தரிக்கோல், அடிமட்டம், செலோ டேப், சேஃப்டி பின், ஒரு பழைய தலையணை, ஒரு துவாய், நிறமில்லாத கியூட்டெக்ஸ் (நகப்பூச்சு). துவாயை விரித்து அதன்மேல் மணியைக் கொட்டுங்கள். வெறும் மேசையில் கொட்டினால் ஃபேன் காற்றுக்கே ஓடும். கியூட்டெக்ஸ் நூல் முனைக்கு. முனையில் இரண்டு சென்ரிமீற்றருக்குப் பூசிக் காயவிட்டு, சரிவாக வெட்டினால் நூலே ஊசிபோல ஆகிவிடும். நாக்கில் நனைத்து முறுக்கிக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

அளவு

மணிக்கட்டைச் சுற்றி ஒரு நூலைப் பிடித்து, அதை அடிமட்டத்தில் வையுங்கள். வந்த அளவோடு ஒன்றரை சென்ரிமீற்றர் கூட்டுங்கள். மணி பெரிதென்றால் இரண்டரை. என் கை 15.5, ஆகவே காப்பு 17. இனிக் கணக்கெல்லாம் இந்த 17ஐ வைத்துத்தான் சொல்கிறேன்.

பின்னினால் நூல் சுருங்கும். எவ்வளவு என்பது பின்னலைப் பொறுத்தது. சடைபோன்ற மூன்று புரிப் பின்னலுக்கு ஒன்றரை மடங்கு, அட்டையில் பின்னும் உருண்டைக் கயிற்றுக்கு மூன்று மடங்கு. இரண்டுக்கும் மேலாக முனைக்கென்று பதினைந்து, இருபது சென்ரிமீற்றர் வேண்டும். சதுர முடிச்சில் சுற்றும் நூல் நிறையவே விழுங்கும். முடிச்சு போடும் நீளத்தைப்போல பக்கத்துக்கு ஐந்து மடங்காவது வையுங்கள். மிஞ்சினால் வெட்டி எறியலாம். குறைந்தால் முழுவதையும் அவிழ்க்க வேண்டியதுதான்.

முதல் காப்பு: மூன்று புரி

எம்ப்ரொய்டரி நூலில் 95 சென்ரிமீற்றர் துண்டுகள் மூன்று வெட்டுங்கள். முனையில் முடிச்சுப் போட்டுத் தொடங்காதீர்கள். எல்லாரும் அப்படித்தான் தொடங்குவார்கள், அது அசிங்கமான குமிழாக நிற்கும். மூன்றையும் சேர்த்துப் பிடித்து, நடுப்பகுதியைத் தலையணையில் சேஃப்டி பின்னால் குத்தி, நடுவில் மட்டும் 2.5 சென்ரிமீற்றருக்குப் பின்னுங்கள். அந்தப் பின்னலை வளைத்து மடித்தால் ஒரு காது வரும். மறுமுனையில் வரப்போகும் தெறி (பட்டன்) இந்தக் காதுக்குள்தான் மாட்டும். 12 மில்லிமீற்றர் சட்டைத் தெறிக்கு இந்த அளவு சரி. தெறியை இப்போதே நுழைத்துப் பாருங்கள். கொஞ்சம் நெருக்கிக்கொண்டு போகவேண்டும். சும்மா போனால் கையிலிருந்தும் சும்மாவே கழன்றுவிடும்.

மடித்தபின் ஆறு நூல் தொங்கும். இரண்டிரண்டாகச் சேர்த்தால் மூன்று புரி. காதின் அடியை இன்னொரு நூலால் இறுக்கிச் சுற்றிக் கட்டிவிட்டு (எப்படி என்று கீழே வருகிறது), ஐந்தரை சென்ரிமீற்றர் வெறுமனே பின்னுங்கள். இனி மணி. வலது ஓரப் புரியை நடுவுக்குக் கொண்டுவருவதற்கு முன்னால், அந்தச் சோடியில் ஒரு நூலில் மட்டும் ஒரு மணியைக் கோர்த்து, பின்னல் முடிந்த இடம்வரை மேலே தள்ளுங்கள். பெருவிரலால் மணியை அமத்திக்கொண்டு புரியை நடுவுக்குக் கடத்துங்கள். பிறகு இடது புரியில் ஒரு மணி, அதையும் கடத்துங்கள். வலது, இடது, வலது, இடது. மணிகள் இரண்டு ஓரத்திலும் வரிசையாக உட்காரும். பக்கத்துக்குப் பத்துப் போட்டால் நடுவில் ஐந்தாறு சென்ரிமீற்றர் நிரம்பும். மிச்சத்தை மறுபடி வெறுமனே பின்னி முடியுங்கள்.

மணி உட்காராமல் ஆடுகிறதென்றால் நீங்கள் புரியைக் கீழ்நோக்கி இழுக்கிறீர்கள். பக்கவாட்டில் இழுங்கள். சடை பின்னும்போது முடியை எப்படிக் காதுப் பக்கம் இழுப்போமோ, அப்படி. கை வியர்த்து வெள்ளை நூல் அழுக்காகாமல் இருக்க, இடைக்கிடை கையைக் கழுவிப் பவுடர் போட்டுக்கொள்ளலாம்.

முனை

அந்த பஸ் விவகாரத்தில் நான் செய்த பிழை இதுதான்: முடிச்சின் இரண்டு பாதியையும் ஒரே பக்கமாகப் போட்டிருந்தேன். வலது முனையை இடதின் மேலாக எடுத்து ஒரு முறை. மறுபடியும் வலதை இடதின் மேலாக இன்னொரு முறை. கை பழக்கத்தில் அப்படித்தான் போகும். அந்த முடிச்சு பார்க்க இறுக்கமாகத்தான் இருக்கும், ஆனால் இழுக்க இழுக்க வழுக்கும். சரியான வழி: முதலில் வலதை இடதின்மேல், அடுத்து இடதை வலதின்மேல். இறுக்கிப் பாருங்கள். முடிச்சு நூலுக்கு நேராகத் தட்டையாகப் படுத்தால் சரி. குறுக்காகத் திரும்பி நின்றால் அவிழ்த்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். தங்கூசி, எலாஸ்டிக் போன்ற வழுக்கும் நூல்களுக்கு இதுகூடப் போதாது. ஒவ்வொரு பாதியிலும் முனையை இரண்டு தரம் சுற்றி எடுக்க வேண்டும். எலாஸ்டிக்காக இருந்தால் மணி கோர்ப்பதற்கு முன்னாலேயே நன்றாக இழுத்து விடுங்கள், பிறகு தொய்யாது.

தெறிக்கு வருவோம். ஆறு முனையில் இரண்டைத் தெறியின் ஒரு துளையால் மேலே எடுத்து, எதிர்த் துளையால் கீழே இறக்குங்கள். அவற்றை மற்ற முனைகளில் இரண்டோடு மேலே சொன்ன முடிச்சால் கட்டுங்கள். இப்போது தெறியின் அடியில் ஆறு முனையும் ஒரு கொத்தாக நிற்கும். அவற்றைப் பின்னலோடு படுக்கவைத்துச் சுற்றுக்கட்டு போடவேண்டும்.

சுற்றுக்கட்டுக்கு 30 சென்ரிமீற்றர் நூல் ஒன்று எடுங்கள். அதன் ஒரு முனையை மடித்து வளையமாக்கி, பின்னலின் மேல் நீளவாக்கில் படுக்கவையுங்கள். வளையத்தின் வாய் தெறிப் பக்கம் பார்க்கட்டும், குட்டை முனை மறுபக்கம் நீட்டி நிற்கட்டும். இப்போது நீள முனையால், குட்டை முனை இருக்கும் பக்கத்திலிருந்து தெறிப் பக்கமாக, பின்னலையும் வளையத்தையும் சேர்த்து நெருக்கமாகச் சுற்றிக்கொண்டே வாருங்கள். எட்டுச் சுற்று, பத்துச் சுற்று. ஒன்றின்மேல் ஒன்று ஏறக்கூடாது. வளையத்தின் வாய் மட்டும் வெளியே தெரியும்போது, சுற்றிய நூலின் முனையை அந்த வாய்க்குள் விடுங்கள். பிறகு குட்டை முனையைப் பிடித்து மெதுவாக இழுங்கள். வளையம் சுற்றுக்குள் புகுந்து மறையும்; போகும்போது மற்ற முனையையும் உள்ளே இழுத்துக்கொண்டு போகும். பாதித் தூரம் போனதும் நிறுத்திவிடுங்கள். முழுவதாக இழுத்தால் மறுபக்கத்தால் வெளியே வந்துவிடும், எனக்கு இரண்டு தரம் வந்திருக்கிறது. இரண்டு முனையையும் ஒட்ட வெட்டுங்கள். முடிச்சே இல்லாத கட்டு இது. தன்னைத் தானே அமத்திக்கொண்டு நிற்கும்.

ஒட்டும் பசை பற்றிப் பலரும் கேட்பார்கள். சூப்பர் குளூ பருத்தி நூலில் பட்டால் கையைச் சுடும் அளவுக்குச் சூடேறும். காய்ந்தால் நூல் விறைத்து, மடியும் இடத்தில் முறியும். நமது ஈரக் காற்றில் சுற்றிவர வெள்ளையாகவும் பூக்கும். காய்ந்தபின்னும் வளையக்கூடிய கண்ணாடி நிறப் பசை ஒரு துளி, அதுவும் சுற்றுக்கட்டுக்குக் கீழே, போதும். கட்டு சரியாக இருந்தால் பசை வெறும் துணைக்குத்தான்.

அட்டையில் உருண்டைக் கயிறு

ஜப்பானில் கயிறு பின்னுவதைக் குமிஹிமோ என்பார்கள். அதற்கென்று 32 வெட்டுள்ள ஸ்பொஞ்ச் வட்டுகள் விற்கின்றன. அதே குடும்பத்து எளிய வேலை ஒன்றைச் செருப்புப் பெட்டி அட்டையிலேயே செய்யலாம். மழை நாளில் பிள்ளைகளை ஒரு மணித்தியாலம் ஒரே இடத்தில் உட்காரவைக்க இதைப்போல் வேறில்லை.

பழைய சீடியை அட்டையில் வைத்து வட்டம் கீறி வெட்டுங்கள். அட்டை மெல்லியதென்றால் இரண்டை ஒட்டுங்கள். நடுவில் பென்சில் போகும் அளவுக்குத் துளை. ஓரத்தைச் சுற்றி, சம இடைவெளியில், ஒரு சென்ரிமீற்றர் ஆழத்துக்கு எட்டு வெட்டு. 70 சென்ரிமீற்றரில் ஏழு நூல் எடுத்து ஒரு முனையைச் சேர்த்து முடிந்து, அந்த முடிச்சைத் துளையால் கீழே விடுங்கள். வெட்டுக்கு ஒரு நூலாக மாட்டினால் எட்டில் ஒன்று காலியாக இருக்கும்.

காலி வெட்டை உங்கள் வயிற்றுப் பக்கம் வைத்துப் பிடியுங்கள். அங்கிருந்து வலப்பக்கமாக எண்ணுங்கள்: ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது நூலை எடுத்து, மற்ற இரண்டின் மேலால் தாண்டி, காலி வெட்டில் மாட்டுங்கள். இப்போது அது இருந்த இடம் காலி. அட்டையைத் திருப்பி அந்தக் காலியை வயிற்றுப் பக்கம் கொண்டுவாருங்கள். மறுபடியும் ஒன்று, இரண்டு, மூன்று. வேறொன்றும் இல்லை, இவ்வளவுதான். பத்துப் பன்னிரண்டு சுற்றுக்குப் பிறகு துளைக்குக் கீழே உருண்டையான கயிறு வளர்ந்துகொண்டே வரும். திருப்பும் திசையை அம்புக்குறியாக அட்டையில் கீறிவையுங்கள். நடுவில் தொலைபேசி வந்து எழுந்து போனால், எந்த வெட்டு காலி என்று அட்டை சொல்லும். எந்தப் பக்கம் எண்ணினீர்கள் என்று சொல்லாது.

மணி சேர்க்க வேண்டுமென்றால் ஒரு நூலில் மட்டும் முன்கூட்டியே கோர்த்து, கீழ்முனையில் செலோ டேப்பால் அடைத்துவிடுங்கள். அந்த நூலை எடுக்கும் முறை வரும்போதெல்லாம் ஒரு மணியை நடுத் துளைவரை தள்ளிவிட்டுத் தாண்டுங்கள். மணி, தாண்டிப் போகும் நூலுக்குக் கீழே உள்ளே படுக்கவேண்டும். மேலே துருத்திக்கொண்டு நின்றால் அந்தச் சுற்று தளர்ந்துவிடும். சரியாக வந்தால் கயிற்றைச் சுற்றிக் கொடிபோல ஒரு மணி வரிசை ஏறும். முனைக்கு அதே சுற்றுக்கட்டு. அதன்மேல் கடையில் விற்கும் உலோக மூடி போடலாம். கயிற்றின் பருமனை அளந்து, உள்வட்டம் அதே அளவில் வாங்குங்கள்.

சதுர முடிச்சும் இழுத்துக் கட்டும் காப்பும்

இது ஆண்பிள்ளைகளும் விரும்பிப் போடுவது. 45 சென்ரிமீற்றர் நைலோன் கயிறு இரண்டு நடுவில். அவற்றை மேசையில் டேப் போட்டு இறுக்கமாக ஒட்டுங்கள். 150 சென்ரிமீற்றர் கயிறு ஒன்றின் நடுப்பகுதியை அவற்றின் கீழே வைத்தால் பக்கத்துக்கு 75 வரும். இடது கயிற்றை நடுக்கயிறுகளின் மேலால் வலப்பக்கம் எடுங்கள். வலது கயிறு அதன் வாலின்மேல் ஏறி, நடுக்கயிறுகளுக்குக் கீழே புகுந்து, இடப்பக்கத்து வளைவுக்குள்ளால் மேலே வரட்டும். இழுத்து இறுக்குங்கள். அடுத்தது அப்படியே மறுபக்கம்: வலது மேலால், இடது கீழால். இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு முடிச்சு. தொடர்ந்து ஒரே பக்கமாகப் போட்டால் காப்பு முறுகிக்கொண்டே போகும். என் பஸ் முடிச்சின் அதே பிழை, ஆனால் இங்கே அது அழகாக இருக்கும். வேண்டுமென்றே செய்பவர்களும் உண்டு.

நாலு முடிச்சுக்கு ஒரு தரம், நடுக்கயிறு இரண்டையும் பெரிய துளை மணி ஒன்றுக்குள் விட்டு மேலே தள்ளி, அதற்கடியில் ஒட்டினாற்போல அடுத்த முடிச்சைப் போடுங்கள். பத்து சென்ரிமீற்றர் ஆனதும் நிறுத்தி, சுற்றிய கயிற்றின் முனைகளை ஒட்ட வெட்டி, லைட்டரை அருகே காட்டி, உருகியதைக் கரண்டியின் பின்புறத்தால் அமத்துங்கள். விரலால் அமத்தாதீர்கள், உருகிய நைலோன் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

பூட்டு இல்லாமல் மாட்டுவதற்கு, காப்பை வட்டமாக வளைத்து, இரு பக்கத்து நடுக்கயிறுகளும் எதிரெதிர்த் திசையில் ஒன்றன்பக்கத்தில் ஒன்று படுக்கும்படி வையுங்கள். 30 சென்ரிமீற்றர் துண்டால் நாலையும் சேர்த்து ஐந்து சதுர முடிச்சு. வெளியே நீட்டும் வால்களில் மணி ஒன்று கோர்த்து முடிந்துவிட்டால் இழுத்தால் சுருங்கும், தள்ளினால் விரியும்.

கொழும்பில் பாதுகாத்தல்

கடற்கரை அருகே இருப்பவர்களுக்கு உப்புக் காற்றுத்தான் எதிரி. மலிவான பித்தளைக் கொளுக்கிகள் சில மாதத்திலேயே கறுத்துப் பச்சை பிடிக்கும். துருப்பிடிக்காத உருக்கில் கிடைத்தால் அதையே வாங்குங்கள். உலோகம் பட்ட இடத்தில் கடித்துச் சிவக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் நிக்கல்தான் காரணம். அவர்களுக்குத் தெறியும் காதும் வைத்த முதல் காப்பு நல்லது, அதில் உலோகமே கிடையாது. கழற்றியதும் துடைத்து ஜிப் பையில், புதுச் சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டுவையுங்கள். சென்ட் அடித்துக் காய்ந்தபிறகு மாட்டுங்கள், இல்லாவிட்டால் முத்துப் பூச்சு உரியும்.

யாருக்காவது கொடுப்பதற்கு முன்னால் ஒரு சோதனை. காப்பைத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து எடுத்து, இரண்டு முனையையும் பிடித்துப் பலமாகப் பத்துத் தரம் இழுங்கள். முனை அசைந்தால் சுற்றுக்கட்டை மறுபடி போடுங்கள். அக்காவின் மகளுக்கு அடுத்துச் செய்த சிவப்பு மணிக் காப்பை இப்படித்தான் சோதித்துக் கொடுத்தேன். மறு ஆடிவேலுக்கும் அதைத்தான் போட்டுக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் இருந்து இறங்கும்வரை நான்தான் அடிக்கடி அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.